வேண்டாம் என்றார் ஆதாரம் சார்

ஆதாரம் சார் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையையாவது படித்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று சொன்னதற்கு ஆதாரம் கிடையாது.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருந்தது. பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் முதல் தேநீர்க் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஆதாரம் சார்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காதில் செருகிய சிவப்புப் பென்சிலை உருவி, "ஆதாரம் எங்கே?" என்று அவர் கேட்டால், தன் பிறந்த தேதியைச் சொன்னவருக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்துவிடும்.

வரலாற்றுப் பேராசிரியர்தான். ஆனால் எந்த மன்னர் எந்த மன்னரை எங்கே தோற்கடித்தார் என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், தோத்தவர்கிட்ட கேளு" என்பார். அவர் எழுதியது எண்ணங்களின் வரலாறு. உரிமை என்ற எண்ணம் எப்போது பிறந்தது, எல்லோரும் சமம் என்று மனிதர்கள் நினைக்கத் தொடங்கியது எந்தக் காலத்தில், 'மக்கள்' என்ற சொல் வெறும் கூட்டத்தைக் குறிப்பதை விட்டுவிட்டு அதிகாரத்தைக் குறிக்க ஆரம்பித்தது எப்படி, இவைதான் அவருக்குச் சோறும் தண்ணீரும்.

வாலிப வயதில் ஆவணக் காப்பகத்தின் தூசியில் தும்மித் தும்மி, சாதாரண மக்கள் பழைய அரசாங்கத்துக்கு எழுதிய மனுக்களை மலை மலையாகப் படித்தார். படகோட்டிகள், கொல்லர்கள், சுமை தூக்குகிறவர்கள் எழுதியவை. எல்லாமே 'தங்கள் பாதத் தூசியினும் எளியோராகிய நாங்கள்' என்றுதான் ஆரம்பித்தன. உரிமை என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. சமம் என்ற சொல்லும் இல்லை. ஆகவே அந்த மக்களுக்கு அப்படியோர் எண்ணமே இருந்ததில்லை, அதெல்லாம் பின்னால் செய்தித்தாள்களும் சட்டப் புத்தகங்களும் கொண்டுவந்து கொடுத்தவை என்று அடித்துச் சொன்னார். 'சொல் இல்லாத இடத்தில் எண்ணம் இல்லை.' இந்த ஒற்றை வரி கடல் தாண்டிப் போனது. பரிசுகள் வந்தன, விமானச் சீட்டுகள் வந்தன. அதை மேற்கோள் காட்டாமல் அந்தத் துறையில் முனைவர் பட்டம் வாங்கினவர் இல்லை என்ற நிலை வந்தது.

இப்போது அவர் ஓய்வு பெறப் போகிறார்.

பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெறும்போது, மாணவர்களும் சகாக்களும் ஆளுக்கொரு கட்டுரை எழுதி, அவற்றைப் புத்தகமாக்கி, விழா மேடையில் அவர் கையில் கொடுப்பார்கள். பணி நிறைவு மலர் என்று பெயர். கடைசி நிமிடம் வரை அவருக்கு மட்டும் தெரியக் கூடாது என்பது சம்பிரதாயம். ஆதாரம் சாருக்கு இந்த மலர்களின் வாசனையே ஆகாது. "உயிரோட இருக்கிறவனுக்கு எழுதற இரங்கல் உரை" என்று, அடுத்த துறைக்காரர் ஒருவரின் மலர் வெளியீட்டு விழாவிலேயே ஒலிவாங்கிக்கு முன்னால் சொன்னவர் அவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு மலர் தயாரிக்கும் வேலை அடிக்குறிப்பின் தலையில் விழுந்தது.

அடிக்குறிப்பு அவருடைய பழைய மாணவி. இப்போது அதே துறையில் இணைப் பேராசிரியை. ஆய்வேட்டில் மேலே நாலு வரியும் கீழே பக்கம் முழுக்க அடிக்குறிப்பும் எழுதிக் கொண்டுவந்த நாளில், சார் வைத்த பெயர் அது. அவர் வைத்த பெயர் என்பதாலேயே அவள் அதை ஒரு பட்டம் போலச் சுமந்துகொண்டிருந்தாள். கோபத்தில் அவளுடைய கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. மாணவியாக இருந்தபோது, படகோட்டிகளின் மனு ஒன்றை அவள் பார்த்தாள். வார்த்தைகள் வழக்கம்போலப் பாதத் தூசிதான். ஆனால் மனுவை நடுவில் எழுதி, எல்லோருடைய பெயரையும் சுற்றிலும், சக்கரத்தின் ஆரங்களைப் போல எழுதியிருந்தார்கள். யார் முதல், யார் கடைசி என்று சொல்லவே முடியாது. வகுப்பில் எழுந்து, இவர்கள் சமம் என்பதைச் சொல்லாமல் சொல்கிறார்களோ என்று கேட்டாள். சார் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "பயம்." முதல் பெயர்க்காரனைத்தான் அதிகாரி முதலில் உதைப்பான், அந்தப் பயத்தில் வட்டம் போட்டார்கள் என்று அர்த்தம். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பல வருடங்கள் கழித்து இன்னொரு வட்டம் கிடைத்தது. புயலில் மூழ்க இருந்த கப்பலைக் காப்பாற்றிய அதே படகோட்டிகளைப் பாராட்ட ஆளுநர் விரும்பினார். மிகவும் தைரியசாலியின் பெயரை முதலில் எழுதி, வரிசையாகப் பட்டியல் அனுப்பச் சொன்னார். அவர்கள் அனுப்பியது பட்டியல் அல்ல, வட்டம். உதை வாங்கும்போது முதல் ஆளாக நிற்கப் பயம் என்றால் சரி. பாராட்டு வாங்க முதலில் நிற்பதற்கு யாருக்குப் பயம்?

அவள் அதை ஒரு கட்டுரையாக எழுதி, மேசையின் அடி இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டாள். அது வெளியே வந்தால் சாரின் ஒற்றை வரிக்குக் கால் ஒடியும். எழுதச் சொல்லிக்கொடுத்து, வேலைக்கும் பரிந்து பேசிய மனிதரின் வாழ்நாள் உழைப்பில் கை வைத்த பிறகு, அவர் முகத்தில் விழிப்பது எப்படி? அவருடைய அறைக் கதவைத் தட்டி உள்ளே போகும் அந்த உரிமையை இழக்க அவள் தயாராக இல்லை. மலருக்கு வேறொரு கட்டுரை எழுதினாள். பத்திரமான கட்டுரை. பக்கத்துக்குப் பக்கம் சார் சொன்னதே சரி.

மற்றவர்களும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்க்கட்சி ஒரு கட்டுரை தந்திருந்தார். அடுத்த பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். சார் 'ஆமாம்' என்றால் 'இல்லை' என்பதையே ஒரு தொழிலாக நடத்தியவர். கருத்தரங்கில் இருவரும் ஒரே மேடையில் இருந்தால் கூட்டம் இடைவேளைக்கும் எழுந்து போகாது. அவரே, போகிற நேரத்தில் மனுஷன் மனசை நோகடிக்க வேண்டாம் என்று, தேனில் பேனாவைத் தோய்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

கட்டு பதிப்பகத்துக்குப் போனது. ஆராய்ச்சிப் புத்தகம் என்றால் ஒரு நிபுணர் படித்துச் சரி என்று சொன்னால்தான் அச்சு. எழுதியவர் யாரென்று நிபுணருக்குத் தெரியக் கூடாது. நிபுணர் யாரென்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது. அதுவரை விஷயம் தெரிந்த பொறுப்பாளர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். புதிதாக வந்த பதிப்பாளர் அம்மாள் சட்டத்தில் ஊறியவர். கட்டுரையாளர்களின் பெயர்களை நீக்கினார். மலரின் தலைப்பை நீக்கினார். முன்னுரையைப் படித்தால் தன் நடுநிலைக்குப் பங்கம் வரும் என்று, படிக்காமலே கிழித்து எடுத்தார். அதன் பிறகு இந்தப் பொருளில் தலைசிறந்த நிபுணர் யார் என்று நாலு பேரிடம் விசாரித்து, அவருக்கே அனுப்பி வைத்தார்.

இது எதுவும் அடிக்குறிப்புக்குத் தெரியாது. மலரின் முதல் பக்கத்துக்கு சாருடைய இளவயதுப் புகைப்படம் தேவைப்பட்டது. சாரின் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டாள்.

சாரின் மனைவி பல் டாக்டர். கீழே கிளினிக், மாடியில் வீடு. பல் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது, நாற்காலியில் உட்காரவைத்தே படத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று அவர் யோசனை சொன்னார். அடிக்குறிப்பும் அப்படியே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கிளினிக் வாசல்படி ஏறினாள். போதாத காலம், எதிரில் சார் வந்தார். பல் வலியா என்று கேட்டார். உள்ளே ஒருத்தருக்கு வேர் வரைக்கும் தோண்டிக்கொண்டிருக்கிறாள், நேரமாகும், அதுவரை மேலே வா, ஒரு வேடிக்கை காட்டுகிறேன் என்று அழைத்துப் போனார்.

சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். ஒரு பக்கம் விடாமல் சிவப்புப் பென்சில். பதிப்பகத்தில் இருந்து மதிப்பீட்டுக்கு வந்தது என்றார். யார் எழுதியது என்று தெரியாது, ஏதோ கருத்தரங்கக் கட்டுரைகள் போலிருக்கிறது என்றவர், ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"கேளு இதை. 'பேராசிரியர் அவர்கள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியபடி...' ஐயத்துக்கு இடமின்றி! ஐயத்துக்கு இடமில்லேன்னா இந்த ஆளு எதுக்கு ஆராய்ச்சிக்கு வந்துச்சு?"

அது அடிக்குறிப்பு எழுதிய வரி. திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. "ம்" என்றாள்.

"ரொம்ப வலிக்குதா? பாவம். இன்னும் கேளு. இந்த ஆளுக்கு ஒழுங்கா அடிக்குறிப்பு போடக்கூடத் தெரியலை. உன்கிட்ட வந்து கத்துக்கணும்."

பக்கம் கூடுகிறது என்று பாதி அடிக்குறிப்புகளை வெட்டியது பதிப்பகம். அதைச் சொல்லவும் முடியாது. கன்னத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சார் அடுத்த கட்டுரையை விரல் நுனியில் தூக்கிக் காட்டினார்.

"இது அதுக்கும் மேல. வழவழன்னு, வெண்ணெய் தடவின மாதிரி. இதை மட்டும் நம்ம எதிர்க்கட்சி படிச்சான்னா, எழுதின ஆளைத் தோலை உரிச்சிருப்பான்."

அது எதிர்க்கட்சி எழுதிய கட்டுரை.

கீழே வந்து நாற்காலியில் சாய்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னபோது, பல் டாக்டர் முகமூடிக்குள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார். தன் பணி நிறைவு மலரைத் தானே கிழித்துக்கொண்டிருக்கிற மனிதரை உலகம் கண்டதுண்டா? மாடியைக் கை காட்டிச் சொன்னார்:

"நானும்தாம்மா பிடுங்கறேன். ஆனா ஊசி போட்டு மரக்க வச்சிட்டுப் பிடுங்கறேன். அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

அடிக்குறிப்பு பதிப்பாளர் அம்மாளுக்குத் தொலைபேசி செய்தாள். மதிப்பீட்டாளர் யாரென்று சொல்ல மாட்டேன் என்று அந்த அம்மாள் ஆரம்பித்தார். சொல்ல வேண்டாம், நீங்கள் கிழித்து வைத்த முன்னுரையை மட்டும் ஒரு முறை படியுங்கள் என்றாள் இவள். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. கடைசியில் அந்த அம்மாள் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலப் பேசினார். இனிமேல் அவரிடமிருந்து கட்டைத் திரும்ப வாங்கினால் ஏன் என்று கேட்பார். ஆதாரமும் கேட்பார். எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஆகவே விதி விட்ட வழி, அறிக்கை வரட்டும் என்று முடிவானது.

அறிக்கை வந்தது. பெயர் இல்லாமல்தான் வந்தது.

'இத்தொகுப்பை இப்போதைய வடிவில் வெளியிட வேண்டாம். கட்டுரையாளர்கள் உழைப்பாளிகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லோரும் ஒரு பழைய பேராசிரியர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள். அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக அது வேதமா? அவரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்க ஒருவருக்குக்கூடத் துணிவில்லை என்றால், ஒன்று அவர் கடவுளாக இருக்க வேண்டும், அல்லது இவர்கள் சோம்பேறிகளாக இருக்க வேண்டும். அவர் கடவுள் அல்லர் என்பதை நான் நேரடியாக அறிவேன். எதிர்க்கும் ஒரு கட்டுரையாவது சேர்த்துத் திருத்தி அனுப்பினால் மீண்டும் படிக்கிறேன்.'

எதிர்க்கட்சிக்கு மதிப்பீட்டாளர் யாரென்று அவள் சொல்லவில்லை. ஆனால் அறிக்கையோடு வந்த குறிப்பில், தன் கட்டுரைக்கு நேரே வெண்ணெய் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவர் கொதித்துப் போனார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நல்லவனாக இருந்து பார்த்தேன், அதுவும் பொறுக்கவில்லையா என்று கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ஒரே வாரத்தில் பழைய காரத்தோடு எழுதி அனுப்பிவிட்டார். மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். ஆனால் அவை எல்லாம் கிளையில் வைத்த வெட்டு. சாரின் ஒற்றை வரியை வேரில் தொடும் கட்டுரை ஒன்றுதான் இருந்தது. அது அடி இழுப்பறையில் கிடந்தது.

அடிக்குறிப்பின் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையையும் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று மூன்றாகப் பிரித்துவிடுவார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"உன் பிரச்சினை எனக்குப் புரியுது. முந்தினா மரியாதை இல்லைன்னு எல்லாரும் அவர் வண்டி பின்னாடியே ஊர்ந்துகிட்டுப் போறீங்க. அந்த மனுஷன் ஜன்னல் வழியா கையை விட்டு, முந்திக்கோ முந்திக்கோன்னு சிக்னல் காட்டறாரு. நீ என்னடான்னா பிரேக்ல காலை வச்சுக்கிட்டு அழறே."

"அவர் யாரோ தெரியாத ஆளுக்குக் காட்டறாருங்க. பின்னாடி வர்றது நான்னு தெரிஞ்சா?"

"சிக்னல்ல பேரா எழுதியிருக்கு? வர்ற வண்டி எல்லாத்துக்கும் பொதுதான். ஹாரன் அடிச்சிட்டுப் போ."

இருந்தாலும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள். மறுநாள் வகுப்பில் அவள் சாரின் ஒற்றை வரியைப் பாடம் நடத்தும்போது, ஒரு மாணவி எழுந்து, அது எல்லா மனுவுக்கும் பொருந்துமா என்று கேட்டாள். அடிக்குறிப்புக்குப் பதில் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "இப்போதைக்கு எழுதிக்கோ" என்று சொல்லி அந்தப் பெண்ணை உட்காரவைத்துவிட்டாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்கே தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் நேராக அறைக்குப் போய், இழுப்பறையைத் திறந்து, பத்திரமான கட்டுரையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வட்டத்தைப் பற்றிய கட்டுரையை அனுப்பிவைத்தாள். இந்த முறை அடிக்குறிப்புகள் அத்தனையும், ஒன்றுகூட வெட்டுப்படாமல், உள்ளே இருந்தன. பதிப்பாளர் அம்மாள் மூச்சுக் காட்டவில்லை.

அதன் பிறகு அவளுக்கு உண்மையாகவே பல் வலித்தது. இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கினால் வலிக்காமல் என்ன செய்யும் என்றார் பல் டாக்டர்.

அவரேதான் ஒரு மத்தியானம் தொலைபேசியில் கூப்பிட்டார். கட்டு திரும்ப வந்ததாம். காலையில் இருந்து சார் படித்துக்கொண்டிருந்தாராம். காபி ஆறிப்போய், சூடு பண்ணி, மறுபடி ஆறிப்போனதாம். பிறகு நாற்காலி தள்ளும் சத்தம். மேலே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கும் சத்தம். அதன் பிறகு திடீரென்று கிளினிக் கதவு திறந்ததாம்.

"நான் ஒருத்தருக்குப் பல்லைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். இவர் வந்து நின்னு, 'நான் தப்பு'ன்னாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவை. அதுவும் என்கிட்ட இல்லம்மா, ஒரு காகிதத்துக்கிட்ட தோத்துட்டு வந்து சொல்றாரு. நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தவர்தான் சாட்சி."

"குரல் எப்படிக்கா இருந்தது?" என்று கேட்டாள் அடிக்குறிப்பு.

"பாடிக்கிட்டே மாடிக்குப் போனாரு. காதால கேட்க முடியாது. ஆனா பாட்டுதான்."

இரண்டாவது அறிக்கை ஒரு பக்கம்கூட இல்லை.

'வெளியிடலாம். வெண்ணெய்க் கட்டுரையாளர் இப்போது கத்தியோடு வந்திருக்கிறார்; நல்லது. வட்டக் கையெழுத்தைப் பற்றிய கட்டுரை அந்தப் பழைய பேராசிரியரின் வரியைத் தலைகீழாக நிறுத்திவிட்டது. பாராட்டு வாங்கும்போதும் வட்டமாகவே நின்றவர்களைப் பயந்தவர்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. எண்ணம் வார்த்தையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெயரை எழுதும் விதத்திலும் இருக்கலாம். இதை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆதாரம் இருக்கிறது.'

கடைசி இரண்டு வார்த்தைகளை அடிக்குறிப்பு திரும்பத் திரும்பப் படித்தாள். சாரிடம் படித்தவர்களில் அந்த இரண்டு வார்த்தையை வாங்கியவர் யாரும் கிடையாது. வாங்கியவள் யாரென்று கொடுத்தவருக்குத் தெரியாது, அதுதான் சிக்கல். இன்னும் கொஞ்ச நாளில் மேடையில் வைத்துத் தெரியப் போகிறது.

விழா நாளில் கருத்தரங்க அறை நிரம்பி வழிந்தது. மடக்கு நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். ஒலிவாங்கி வழக்கம்போல விசில் அடித்துவிட்டுத்தான் பேச விட்டது. சார் சுருக்கமாகப் பேசினார். புகழுரைகளுக்கு நன்றி, ஆனால் அவற்றில் பாதிக்கு ஆதாரம் இல்லை என்றார். நல்ல வேளையாக யாரும் தனக்கு மலர் கிலர் என்று எதுவும் போடவில்லை என்று நிம்மதியும் தெரிவித்தார். அறையில் பாதிப் பேர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்கள். அப்போது துணைவேந்தர் எழுந்து, வண்ணக் காகிதம் சுற்றிய கனமான பொட்டலம் ஒன்றை அவர் கையில் வைத்தார்.

சார் பிரித்தார். அட்டையில் தன் பெயரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். உள்ளடக்கப் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. முதல் தலைப்பு, இரண்டாம் தலைப்பு, மூன்றாம் தலைப்பு. காதில் இருந்த சிவப்புப் பென்சில் தானாகக் கைக்கு வந்தது. அவருடைய காதுகள் இரண்டும் அந்தப் பென்சிலின் நிறத்துக்கு மாறுவதைக் கடைசி வரிசையிலிருந்தவர்களும் பார்த்தார்கள்.

"இந்தப் புத்தகத்தை முதல்ல ஒரு மதிப்பீட்டாளர் வேண்டாம்னு சொல்லியிருப்பாரே?" என்று ஒலிவாங்கியில் கேட்டார்.

முன் வரிசையில் பதிப்பாளர் அம்மாள் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மதிப்பீட்டாளர் யாரென்று சொல்ல விதி இடம் தராது என்று மின்விசிறியிடமே சொன்னார்.

"சொல்ல வேணாம். மோசமான ஆளுன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

விஷயம் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்து நாற்காலி சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போய்ச் சுவரோரம் முடிந்தது. எதிர்க்கட்சி மட்டும் சிரிக்கவில்லை. தன்னை வெண்ணெய் என்றது யாரென்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் எல்லோரையும்விட நீளமாகச் சிரித்தவர் அவர்தான்.

சார் சிரிக்கவில்லை. விரலை வைத்து ஒரு தலைப்பைத் தேடிப் பிடித்தார். அதற்கு நேரே இருந்த பெயரைப் படித்தார். ஒலிவாங்கியை விட்டு விலகி நின்று, "அடிக்குறிப்பு, மேல வா" என்றார்.

நாலு படிதான். அவளுக்கு மலை ஏறுவது போல இருந்தது. கிட்டே போனதும் அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இந்த வட்டத்தைப் பத்தி நீ ரொம்ப நாளைக்கு முன்னாடி வகுப்புல கேட்டே இல்ல?"

"கேட்டேன் சார்."

"நான் என்ன சொன்னேன்?"

"பயம்னு சொன்னீங்க."

"படகுக்காரங்களுக்கு அந்தப் பயம் இல்லைன்னு நீதான் நிரூபிச்சிருக்கியே. அப்ப யாருக்கு இருந்துச்சு?"

"எனக்குத்தான் சார்."

"பாதி உனக்கு" என்றார் ஆதாரம் சார். மீதிப் பாதி யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. புத்தகத்தால் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டில் அவளுடைய பல் வலி போன இடம் தெரியவில்லை.

பிறகுதான் அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். இளவயதுப் புகைப்படத்தைச் சுற்றி, கட்டுரையாளர்கள் எல்லோரும் சக்கரத்தின் ஆரங்கள் போலக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படிப்பதற்காக அவர் புத்தகத்தை இடமும் வலமுமாகத் திருப்பினார். இவ்வளவு ஒடிக்கிறாரே, ரிவர்ஸ் எடுக்கிறாரா என்று அடிக்குறிப்பின் கணவர் பக்கத்தில் இருந்தவரிடம் கவலையோடு விசாரித்தார். இரண்டு பெயர்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. சார் சிவப்புப் பென்சிலாலேயே அங்கே தன் கையெழுத்தை நெருக்கிப் போட்டார்.

எதிர்க்கட்சியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டார்.

"மனு எழுதினவன்தான் கையெழுத்துப் போடணும். மனுவை வாங்கறவன் போடற வழக்கம் எந்தக் காலத்துலயும் கிடையாது."

"ஆதாரம் எங்கே?" என்றார் சார்.

அதன் பிறகு விழா விழாவாக இல்லை. இருவரும் மேடைக்கும் தரைக்குமாக வாதாட, பல் டாக்டர் வந்து இருவர் கையிலும் தேநீரைத் திணித்து வாயை அடைத்தார். நீயும் எல்லாம் தெரிந்துகொண்டே இருந்தாயா என்று சார் அவரைக் கேட்டார்.

"ஊரார் வாயைத் திறக்க வைக்கிறதுதான் என் தொழில். என் வாயை மூடி வச்சுக்கவும் எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

புறப்படும்போது சார் அடிக்குறிப்பிடம் தன் அறைச் சாவியைக் கொடுத்தார். இனிமேல் அந்த அறை அவளுக்கு. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் சார் என்றாள் அவள். வருவேன், கதவைத் தட்டிவிட்டு வருவேன் என்றவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். அந்த இரண்டாவது வட்டம் பற்றிப் பல இரவுகள் யோசித்ததாகவும், அவள் சொன்னதில் முக்கால்வாசி சரி, கால்வாசியில் ஓட்டை இருப்பதாகவும், ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை, ஒரு மறுப்பு எழுதப் போவதாகவும் சொன்னார். சொன்னபோது அவர் முகம் காப்பகத்தில் தும்மிக்கொண்டிருந்த அந்தப் புகைப்படத்துப் பையன் முகம் போலவே இருந்தது.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஆய்விதழில் இருந்து அடிக்குறிப்புக்கு உறை ஒன்று வந்தது. வட்டக் கையெழுத்துகள் பற்றிய கட்டுரையாம். இந்தப் பொருளில் இப்போது தலைசிறந்த நிபுணர் தாங்கள்தான் என்று விசாரித்து அறிந்தோம், படித்து மதிப்பீடு தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவரின் பெயர் விதிப்படி நீக்கப்பட்டிருந்தது. ஆனால் கட்டுரையின் முதல் வாக்கியமே ஒரு கேள்வியாக இருந்தது. கேள்வியில் மொத்தம் இரண்டே வார்த்தை.

எழுதினது யாரு என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

"விதிப்படி எனக்குத் தெரியாதுங்க" என்றாள். இதைத் தான் மதிப்பிடுவது முறையில்லை, திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அனுப்பத்தான் போகிறாள். அதற்கு முன் ஒரு முறை படித்தால் என்ன?

தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புதுச் சிவப்புப் பென்சில் ஒன்றைப் பொறுமையாகக் கூர் சீவினாள். முதல் பக்கத்தின் ஓரத்தில், மிகுந்த சந்தோஷத்தோடு, எழுத ஆரம்பித்தாள்.